பாண்டி போனா பெக் வாங்குங்க, பாட்டில் வேண்டாம்: ஸ்பெஷல் பீப்பாய் ரை விஸ்கியின் விலைக் கணக்கு



நம்ம சேனல்ல ஃபண்டு, இன்சூரன்ஸ், வருமான வரின்னு பேசுறோம். ஆனா லாங் வீக்கெண்ட் வந்தா இன்பாக்ஸ்ல வர்ற கேள்வியே வேற. "ப்ரோ, பாண்டி போறோம். ரை விஸ்கின்னு ஒண்ணு இருக்காமே, ரம் பீப்பாய்ல ஃபினிஷ் பண்ணது. அங்க வரி கம்மி. ஒரு ஃபுல் எடுத்துரலாமா? வொர்த்தா?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். சுவை பார்க்கணும்னா பாருங்க. பாட்டில் வாங்காதீங்க. 30 மி.லி. பெக்கா வாங்குங்க. ஒரு பெக்குக்கு அதிக விலை கொடுத்தாலும் பரவாயில்லை. கடைசியில உங்க கையில மிஞ்சுற காசு அதிகமாத்தான் இருக்கும்.

"ஃபைனான்ஸ் பேசுறவன் மொத்தமா வாங்காதே, சில்லறையா வாங்குன்னு சொல்றானே"ன்னு தோணும். கணக்கைப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. குடிக்காதவங்க இதைப் படிச்சுட்டு ஆரம்பிக்க வேண்டாம். இவ்வளவு வரை குடிச்சா ஆபத்தே இல்லைன்னு சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. உங்களுக்கு இதில் இருப்பது விலைப் பாடம் மட்டும். செல்போன், ஷூ, காபி மெஷின் எல்லாத்துக்கும் அது பொருந்தும்.

ரைன்னா என்ன, ஃபினிஷ்னா என்ன?

ரை என்பது கோதுமைக்கும் பார்லிக்கும் சொந்தக்காரத் தானியம். குளிர் நாடுகளில் விளைவது. நம்ம ஊர் கம்பும் இல்லை, கேழ்வரகும் இல்லை. இந்தியில 'ராய்'னா கடுகு, அதுவும் இல்லை.

அமெரிக்கச் சட்டப்படி ரை விஸ்கி என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால், ஊறவைக்கும் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் ரை இருக்க வேண்டும். உள்பக்கம் கரியாகும்படி சுட்ட புத்தம்புது ஓக் மரப் பீப்பாயில் அதை வைக்க வேண்டும். பர்பனுக்கு மக்காச்சோளம் எப்படியோ, இதற்கு ரை அப்படி. சோளம் இனிப்பைக் கொடுக்கும். ரை காரத்தைக் கொடுக்கும். நல்ல ரை நாக்கில் பட்டதும் மிளகு, சோம்பு, கொஞ்சம் புதினா என்று வரிசையாக வரும். ரசம் குடிச்சுப் பழகின நாக்குக்கு இது அந்நியமா இருக்காது.

இப்போ ஃபினிஷ். மண்பானைத் தண்ணிக்கு ஒரு ருசி இருக்கு இல்லையா? அந்தப் பானையில கொஞ்சம் வெட்டிவேர் போட்டு வச்சா என்ன ஆகும்? தண்ணி அதேதான், பானை அதேதான், கடைசியில சேர்ந்த வாசம் மட்டும் புதுசு. விஸ்கியில ஃபினிஷ்ங்கறதும் அதுதான். முதல் பீப்பாயில் வருடக்கணக்கில் இருந்த சரக்கை, கடைசிக் காலத்தில் இன்னொரு பீப்பாய்க்கு மாற்றுவார்கள். அந்த இரண்டாவது பீப்பாயில் முன்னால் ஷெரி ஒயினோ, போர்ட் ஒயினோ, ரம்மோ இருந்திருக்கும். இல்லையென்றால் மரமே வேறாக இருக்கும். பிரேசிலில் கஷாசா என்ற கரும்புச் சாராயத்துக்குப் பயன்படும் அம்புரானா மரம் பட்டை வாசம் தரும். ஜப்பானின் மிசுனாரா ஓக் சந்தனம் மாதிரி ஒரு வாசம் தரும்.

இந்த முறையைப் பெரிய அளவில் பிரபலமாக்கியவர் ஸ்காட்லாந்தின் பால்வெனி ஆலையில் இருந்த டேவிட் ஸ்டூவர்ட். 1980களில் தொடங்கிய வேலை அது. அமெரிக்க ரை தயாரிப்பாளர்கள் பிறகு பிடித்துக்கொண்டார்கள். ஏஞ்சல்ஸ் என்வி என்ற பிராண்டின் ரை, கரீபியன் ரம் பீப்பாயில் முடிக்கப்படுவது. நம்ம நாட்டில் அம்ருத் 'ஸ்பெக்ட்ரம்' என்று ஒன்று வெளியிட்டது. பல வகை மரப் பலகைகளைச் சேர்த்து ஒரே பீப்பாயாகச் செய்து அதில் வைத்த விஸ்கி. ஹரியானாவின் இந்திரி ஆலையிலிருந்து வரும் 'ட்ரினி' மூன்று வகைப் பீப்பாய்களில் வைத்த விஸ்கிகளின் சேர்க்கை: பர்பன், பிரெஞ்சு ஒயின், ஷெரி.

ஒரு விஷயத்தை மட்டும் அடிக்கோடு போட்டு வச்சுக்கோங்க. இரண்டாவது பீப்பாயில் குறைந்தது இத்தனை மாதம் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் சட்டம் சொல்வதில்லை. மூணு மாசம் வச்சாலும் ஃபினிஷ்தான், பதினெட்டு மாசம் வச்சாலும் ஃபினிஷ்தான். லேபிள்ல அந்த வார்த்தை மட்டும் இருந்தா, அது எவ்வளவு வேலைக்கு அத்தாட்சின்னு உங்களுக்குத் தெரியாது.

விலைக்குள்ளே என்னென்ன இருக்கு?

ஒரு ஃபண்டு வாங்கும்போது செலவு விகிதம் என்னன்னு பார்க்கிறோம் இல்லையா? அதே மாதிரி இந்தப் பாட்டிலையும் பிரிச்சுப் பார்ப்போம். நாலு அடுக்கு இருக்கு.

முதல் அடுக்கு மரம். இது நியாயமான செலவு. பர்பனுக்கும் ரைக்கும் ஒவ்வொரு தடவையும் புதுப் பீப்பாய் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய்கள் அங்கே குவிகின்றன. உலகமே அதை மலிவாக வாங்கிக்கொள்கிறது. ஷெரி பீப்பாய் கதை வேறு. முன்பெல்லாம் ஷெரி ஒயின் பீப்பாயிலேயே ஸ்பெயினிலிருந்து பிரிட்டனுக்குக் கப்பலேறும். காலிப் பீப்பாய் விஸ்கி ஆலைக்குப் போகும். 1980களில் ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைத்து அனுப்புவது என்று ஆன பிறகு அந்த வரத்து நின்றது. இப்போது விஸ்கிக்காரர்கள் தனியாக ஆர்டர் கொடுத்து, உள்ளே ஷெரி ஊற்றிப் பழக்கி வாங்குகிறார்கள். விலை பல மடங்கு. மிசுனாரா இன்னும் மேலே. ஆகவே ஸ்பெஷல் பீப்பாய்க்கு கூடுதல் விலை கேட்பதில் நியாயம் இருக்கு.

இரண்டாவது அடுக்கு காலம். பீப்பாயில் இருக்கும் சரக்கு வருஷா வருஷம் ஆவியாகும். தேவதைகளின் பங்கு என்று அதற்குச் செல்லப்பெயர். ஸ்காட்லாந்தின் குளிரில் ஆண்டுக்கு சுமார் 2 சதவீதம். பெங்களூரு வெயிலில் 10 சதவீதத்துக்கும் மேல். நமக்குத் தெரிந்த கூட்டு வட்டிதான், தலைகீழாக. 200 லிட்டர் பீப்பாயை 5 வருடம் வைத்தால், 2 சதவீதத்தில் சுமார் 181 லிட்டர் மிஞ்சும். 10 சதவீதத்தில் சுமார் 118 லிட்டர்தான் மிஞ்சும். அதோடு வெப்பத்தில் மரத்தின் சாரம் வேகமாக இறங்கும். அதனால நம்ம நாட்டு சிங்கிள் மால்ட்ல வயசு எழுதலைன்னா உடனே குறைச்சு எடை போடாதீங்க. அங்க 12 வருஷம், இங்க 5 வருஷம்னு நேரா ஒப்பிடறது தப்புக் கணக்கு.

மூன்றாவது அடுக்கு வரி. குடிக்கும் மது ஜி.எஸ்.டி.க்குள் வராது. கலால், விற்பனை வரி எல்லாம் அந்தந்த மாநிலத்தின் கையில். இறக்குமதி என்றால் அதற்கு முன்னால் சுங்க வரி 150 சதவீதம். ரூ. 1,000 மதிப்பில் துறைமுகத்துக்கு வரும் பாட்டில், வெளியே வரும்போதே ரூ. 2,500. அதன் மேல் கலால், விற்பனை வரி, இறக்குமதியாளர் லாபம், கடைக்காரர் லாபம். 2025 பிப்ரவரியில் பர்பனுக்கான சுங்க வரி 150 சதவீதத்திலிருந்து 100 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த அறிவிப்பில் இருந்தது பர்பன் என்ற பெயர்தான், ரைக்கு அந்தச் சலுகை இல்லை. 2025 ஜூலை 24-ல் பிரிட்டனுடன் கையெழுத்தான ஒப்பந்தம், அவர்கள் விஸ்கிக்கான வரியை 75 சதவீதமாகவும் பத்தாவது ஆண்டில் 40 சதவீதமாகவும் இறக்க வழி செய்கிறது. நம்ம கணக்குக்கு இதில் கிடைக்கும் தகவல் ஒண்ணுதான்: விலையின் பெரும்பகுதி வரி, அந்த வரிக்கு ருசி கிடையாது.

நாலாவது அடுக்கு கதை. இங்கதான் கவனம் வேணும். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் லாரன்ஸ்பர்க் என்ற ஊரில் ஒரு பெரிய ஆலை இருக்கிறது. 95 சதவீதம் ரை கலவையில் அது காய்ச்சும் விஸ்கியைப் பல பிராண்டுகள் வாங்கித் தங்கள் லேபிளில் விற்கின்றன. தப்பில்லை. ஆனால் டெம்பிள்டன் ரை என்ற பிராண்டு, அயோவா மாநிலத்தின் மதுவிலக்குக் காலத்துப் பழைய செய்முறை என்ற கதையோடு விற்றது. உள்ளே இருந்தது இண்டியானாவில் காய்ச்சிய சரக்கு. வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2015-ல் சமரசமாகி, பணம் திருப்பிக் கொடுக்கவும் எங்கே காய்ச்சியது என்பதை லேபிளில் போடவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. விஸ்கி மோசம்னு அங்க யாரும் வழக்குப் போடலை. கதைக்குக் கொடுத்த காசைத்தான் திருப்பிக் கேட்டாங்க.

நம்ம ஊரிலும் இதைப் பார்க்கலாம். 2023-ல் அமெரிக்காவில் நடந்த விஸ்கீஸ் ஆஃப் தி வேர்ல்ட் போட்டியில் இந்திரிக்கு முதலிடம் என்று செய்தி வந்தது. பரிசு வாங்கியது அவர்களுடைய தீபாவளிச் சிறப்புப் பதிப்பு. கடையில் எளிதாகக் கிடைப்பது ட்ரினி. ட்ரினி நல்ல விஸ்கிதான். ஆனா "உலகத்துலயே பெஸ்ட்டாம்"னு சொல்லி அதை வாங்கினவங்க எத்தனை பேர், யோசிச்சுப் பாருங்க. டாப் ரேங்க் வாங்கின ஃபண்டோட பேரைக் கேட்டுட்டு அதே கம்பெனியோட வேற ஃபண்டை வாங்குற மாதிரிதான்.

பாண்டி விலையின் ரகசியம்

புதுச்சேரியில ஏன் விலை கம்மி? தண்ணியும் காத்தும் காரணம் இல்லை. பிரெஞ்சுக்காரன் விட்டுட்டுப் போன சலுகைன்னு ஒரு கதை ஓடும். 1954 நவம்பர் 1-ல் ஆட்சி கை மாறியது. இன்றைய விலை, இன்றைய யூனியன் பிரதேச அரசு போடும் கலால் வரியால் வருவது. தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003-லிருந்து டாஸ்மாக் கையில். இங்கே தனியார் உரிமக் கடைகள். கள்ளுக்கடை, சாராயக்கடைகூட ஏலத்தில் போகும் ஊர்.

வித்தியாசம் வெறும் வரிதான் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி 2020 மே மாதம். ஊரடங்கு தளர்ந்து கடைகள் திறந்தபோது, அக்கம்பக்கத்திலிருந்து கூட்டம் வந்துவிடக்கூடாது என்று, தமிழ்நாட்டு விலைக்கு இணையாக வரும்படி சிறப்பு வரி போட்டார்கள். ஒரே நாளில் பாண்டி விலை என்ற ஒன்றே இல்லாமல் போனது. 2021-ல் அந்த வரியை எடுத்ததும் பழைய வித்தியாசம் திரும்பி வந்தது.

இப்போ முக்கியமான விஷயம். இந்த மலிவு விலை பாட்டிலோட சேர்ந்து எல்லை தாண்டாது. வெளி மாநில மதுவை அனுமதி இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பாட்டிலோடு வண்டியையும் பறிமுதல் செய்யலாம். அப்படிப் பிடிபட்ட வண்டிகளைக் காவல்துறை ஏலம் விடும் அறிவிப்பை நீங்களே செய்தித்தாளில் பார்த்திருப்பீங்க. எல்லையும் ஒரே கோடாக இல்லை. நகரத்தை விட்டு ஈ.சி.ஆர்.ல வடக்கே கிளம்பினா கோட்டக்குப்பம் வரும், அது விழுப்புரம் மாவட்டம். இன்னும் கொஞ்சம் போனா காலாப்பட்டு, அது மறுபடியும் புதுச்சேரி. "சும்மா பக்கத்துல ஒரு கஃபே"ன்னு பைக் பாக்ஸ்ல பாட்டிலோட கிளம்புறவங்களுக்குத் தெரியாமலே மாநிலம் மாறிடும்.

இ.எம்.ஐ. முடியாத ஒன்றரை லட்ச ரூபாய் பைக்கை, ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காகப் பணயம் வைக்கிறதை எந்த ரிஸ்க் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது.

ஒரு பெக் விலைங்கற பொறி

இப்போ கணக்குக்கு வருவோம். விலைகள் உதாரணத்துக்குத்தான், நீங்க போற இடத்து விலையைப் போட்டுக்கோங்க.

ஸ்பெஷல் பீப்பாய் ரை ஒரு ஃபுல், 750 மி.லி., ரூ. 6,000-னு வச்சுக்குவோம். அதில் 30 மி.லி. பெக் 25 வரும். ஒரு பெக் ரூ. 240. அதே சரக்கு பார்ல ஒரு பெக் ரூ. 500. "டபுள் விலை! பாட்டில்தான் லாபம்"னு மூளை உடனே சொல்லும்.

மூணு நண்பர்கள், ரெண்டு ராத்திரி. எல்லை தாண்ட முடியாததால பாட்டில் அங்கேயே முடியணும். 25 பெக்கை மூணு பேர் பிரிச்சா ஆளுக்கு எட்டுக்கு மேல. செலவு ஆளுக்கு ரூ. 2,000. பார்ல ஆளுக்கு ரெண்டு பெக் சாப்பிட்டா ரூ. 1,000. வித்தியாசம் ஆளுக்கு ரூ. 1,000. ஆனா பெரிய நஷ்டம் அது இல்லை. நாலாவது பெக்குக்கு மேல எந்த மரம், எந்த பீப்பாய்னு எந்த நாக்குக்கும் தெரியாது. மிளகும் தெரியாது, ரம் வாசமும் தெரியாது. போதை மட்டும்தான் தெரியும். போதைக்கு ஸ்பெஷல் பீப்பாய் தேவையே இல்லை. 25 பெக்ல சுவைச்சது மூணு பேருக்கும் சேர்த்து பத்துன்னு வச்சுக்கிட்டா, சுவைச்ச ஒரு பெக்கோட உண்மை விலை ரூ. 600. பார் விலையைவிட அதிகம்.

சூப்பர் மார்க்கெட்ல 'ரெண்டு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ'யும் இதே பொறிதான். ஒரு யூனிட் விலை குறையுது, மொத்த பில் ஏறுது. வாங்குறதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி, ஒரு பெக் எவ்வளவுங்கறது இல்லை. எனக்கு எத்தனை பெக் வேணும்ங்கறதுதான்.

அப்புறம் பாட்டில் வாங்குறவங்க பில்லுல வராத சில செலவு. வாடகை ஸ்கூட்டர்ல திரும்பும்போது சோதனையில மாட்டினா, 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் தடவையே ரூ. 10,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரெண்டுமே. விபத்து நடந்தா வண்டிக்கான இன்சூரன்ஸ் க்ளைம் நிராகரிக்கப்படலாம். டேர்ம் இன்சூரன்ஸ் விண்ணப்பத்துல குடிப்பழக்கம் பத்தின கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கன்னு நான் திரும்பத் திரும்பச் சொல்றதும் இதுக்காகத்தான்.

உள்ளூர்லயே வேலை பார்க்கிற பாண்டிக்காரங்க சொல்வீங்க, "எங்களுக்கு எல்லைப் பிரச்சனை இல்லையே, வீட்ல வச்சுக்கலாமே"ன்னு. சரிதான். அப்பவும் முதல்ல ஒரு பெக் சுவைங்க, அப்புறம் வாங்குங்க. பிடிக்காத ஃபுல் பாட்டில் அலமாரியில நின்னா, அதுவும் முடங்கின பணம்தான்.

நாக்குக்கு ஒரு தேர்வு வைங்க

விலை நம்ம நாக்கை ஏமாற்றும் என்பது சும்மா சொல்றது இல்லை. 2008-ல் அமெரிக்காவின் கால்டெக், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஒயினை, ஒரு முறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை அதிகம் என்று கேட்டபோது அதே ஒயின் அதிகம் பிடித்தது. மூளையை ஸ்கேன் செய்து பார்த்தால், இன்பத்தோடு தொடர்புள்ள பகுதியும் அதிகமாக வேலை செய்தது. அதாவது அவங்க நடிக்கலை. விலையே ருசியாகிவிட்டது.

இதை உடைக்க ஒரே வழி, எது எதுன்னு தெரியாமல் குடித்துப் பார்ப்பது. மூணு பேர் போனா போதும். முதல்ல பாருக்கு போன் பண்ணி, ரை இருக்கான்னு கேட்டுக்கோங்க, எல்லா இடத்துலயும் இருக்காது. மூணு வகை 30 மி.லி. சொல்லுங்க: ஒரு சாதா ரை அல்லது பர்பன், ஒரு ஸ்பெஷல் பீப்பாய் ரை, ஒரு இந்திய சிங்கிள் மால்ட். ரை கிடைக்கலைன்னா பால் ஜான் பிரில்லியன்ஸையும் இந்திரி ட்ரினியையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. முதலாவது பர்பன் பீப்பாய் மட்டும், ரெண்டாவது மூணு வகைப் பீப்பாய். பீப்பாய் என்ன செய்யுதுங்கறது அதுலயே தெரிஞ்சிடும். ஒவ்வொண்ணையும் மூணு பேரும் பகிர்ந்துக்கோங்க. ஆளுக்கு மொத்தம் 30 மி.லி.தான் வரும்.

சோடா வேண்டாம், கோலா வேண்டாம், ஐஸ் வேண்டாம். காரமான சைடு டிஷ் அப்புறம் வரட்டும். ஒருத்தர் கிளாஸ்களை இடம் மாத்தி வைக்கணும், மத்தவங்க பார்க்கக் கூடாது. முதல்ல வாசம், வாயை லேசாத் திறந்து வச்சுக்கிட்டு. அப்புறம் ஒரு சிறு மடக்கு. பிறகு ரெண்டு மூணு சொட்டு தண்ணி விட்டு இன்னொரு மடக்கு. தண்ணி பட்டதும் உள்ளே அடங்கிக் கிடந்த வாசம் மேல வரும். பேசாம போன்ல குறிச்சுக்கோங்க: எது பிடிச்சது, எது வித்தியாசமா இருந்தது. அதுக்கப்புறம்தான் பேரையும் விலையையும் சொல்லணும்.

என் நாக்குக்கு எப்படி இருந்ததுன்னு கேட்டா, ரம் பீப்பாயில முடிச்ச ரை முதல் மடக்குல அசத்திடும். வெல்லப்பாகு, வெண்ணிலா, நேந்திரம்பழத்தைச் சுட்ட மாதிரி ஒரு வாசம். ரெண்டாவது மடக்குல ரையோட மிளகு பின்னாடியிலிருந்து எட்டிப் பார்க்கும். மூணாவது மடக்குல இனிப்பு கொஞ்சம் திகட்ட ஆரம்பிக்கும். சாதா ரை நேர்மாறு. முதல்ல முரட்டுத்தனம், போகப் போக நெருக்கம். பால்கோவாவுக்கும் மிளகு முறுக்குக்கும் இருக்கிற வித்தியாசம். பால்கோவா ரெண்டு வாய்க்கு சொர்க்கம், அரைக்கிலோ யார் சாப்பிடுவா? இந்த மாதிரி ஃபினிஷ் சரக்கு பிறப்பிலேயே ஒரு பெக் சரக்குங்கறது என் கருத்து. அதை 750 மி.லி. அளவுல வாங்குறதுதான் பொருந்தாத முடிவு.

உங்க நாக்கு வேற சொல்லலாம், அது உங்க உரிமை. ஆனா எது எதுன்னு தெரியாமலே நாக்கு கண்டுபிடிச்ச வித்தியாசத்துக்கு மட்டும் காசு கொடுங்க. மூணுல எது எதுன்னு உங்களால சொல்ல முடியலைன்னா, சந்தோஷப்படுங்க. இனிமே வாழ்நாள் முழுக்க விலை குறைஞ்சதையே வாங்கிக்கலாம். இவ்வளவு சீக்கிரம் லாபம் தர்ற சோதனை வேற எங்கேயும் கிடைக்காது.

"இன்வெஸ்ட்மென்ட்டா வாங்கி வைக்கலாமா?"

லிமிடெட் எடிஷன், பத்து வருஷத்துல பத்து மடங்குன்னு ரீல்ஸ் வருது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் ஒரு பாட்டில் மதுவைக்கூட விற்க முடியாது. விற்க முடியாத பொருள் முதலீடு ஆகாது. பாட்டிலுக்குள்ள போன விஸ்கிக்கு வயசும் ஏறாது. 12 வருஷ விஸ்கியை அலமாரியில 10 வருஷம் வச்சாலும் அது 12 வருஷ விஸ்கிதான். திறந்துட்டா காத்து பட்டு மாசக்கணக்குல வாசமும் குறையும்.

வெளிநாட்டுல பீப்பாயையே வாங்குங்க, வருஷத்துக்கு இவ்வளவு லாபம்னு யாராவது கூப்பிட்டா போனை வச்சிடுங்க. பிரிட்டனில் ஒரே பீப்பாயைப் பல பேருக்கு விற்றார்கள், இல்லாத பீப்பாயை விற்றார்கள் என்ற புகார்கள் போலீஸ் விசாரணை வரை போயிருக்கின்றன. தேவதைகளின் பங்கு மட்டும் குறையுதுன்னு நினைச்சவங்களுக்கு முதலே குறைஞ்சிடுச்சு.

அப்போ ஜாலியே வேண்டாமா?

"ஆறாயிரத்தை எஸ்.ஐ.பி.ல போட்டா இருபது வருஷத்துல எவ்வளவு தெரியுமா"ங்கற கணக்கை நான் இங்க போடப்போறது இல்லை. மாசம் பூரா ஆபீஸ்ல தலையைக் கொடுக்கிறவங்களுக்கு ரெண்டு நாள் கடல் காத்து வேணும். அதைச் செலவுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா சம்பளம் ரூ. 35,000 வாங்குற ஒருத்தருக்கு ஒரு மணி நேர உழைப்போட விலை ஏறக்குறைய ரூ. 150. மாசம் 26 நாள், நாளுக்கு 9 மணி நேரம்னு கணக்குப் போட்டா அதுதான் வரும். ரூ. 6,000 பாட்டில் 40 மணி நேரம். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் மேனேஜர் முகத்தைப் பார்த்த நேரம் அது. ரெண்டு பெக் ரூ. 1,000, ஏழு மணி நேரம் கூட இல்லை. அந்த ஏழு மணி நேரத்துக்கு அது தகுதியான சுவையா இருந்தா, தாராளமாக் கொடுங்க.

என் பக்கத்து விதிகள் நாலு.

ஒண்ணு, பயணச் செலவுக்குத் தனியா எடுத்து வச்ச பணத்துலேர்ந்து மட்டும். கிரெடிட் கார்டுல போட்டு மினிமம் ட்யூ கட்டினா மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி. அந்த வட்டியிலதான் உண்மையான ஹேங்கோவர்.

ரெண்டு, சுவைக்காத எதையும் ஃபுல்லா வாங்காதீங்க. வெளிநாட்டுலேர்ந்து நண்பர் வந்தா, ஒரு பயணிக்கு 2 லிட்டர் வரை சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம். அதுக்கும் இதே விதிதான். இலவசம்ங்கறதுக்காக லிஸ்ட்டை நீட்டாதீங்க.

மூணு, லேபிள்ல கதை நீளமா இருந்தா மூணு தகவல் தேடுங்க: எங்கே காய்ச்சியது, எத்தனை வருஷம், ரெண்டாவது பீப்பாயில எத்தனை மாசம். மூணுமே இல்லைன்னா நீங்க வாங்குறது பெட்டியை.

நாலு, குடிச்ச நாள்ல வண்டியைத் தொடாதீங்க. ஆட்டோ காசையும் பெக் விலையோட சேர்த்தே பட்ஜெட்ல போட்டுடுங்க.

பாண்டிங்கறது மலிவு சரக்கு ஊர்ங்கற பேரை இந்த ஊர்ல வாழ்றவங்க ரொம்ப நாளா சுமக்கிறாங்க. ஞாயிற்றுக்கிழமை காலையில கடற்கரைச் சாலையில நடக்கிறதுக்குப் பைசா செலவில்லை, காந்தி வீதி சண்டே மார்க்கெட்டைச் சுத்திப் பார்க்கவும் செலவில்லை. ஆளுக்கு ரெண்டு பெக்கோட நிறுத்தினவங்களுக்குத்தான் அந்தக் காலை கிடைக்கும். மீதி பேர் ரூம்ல தலையைப் பிடிச்சுக்கிட்டு செக்-அவுட் நேரம் வரைக்கும் தூங்குவாங்க. அந்த ரூம் வாடகையும் உங்க காசுதான்.

மூணு கிளாஸ் சோதனையைப் பண்ணிப் பார்த்தவங்க, எதைச் சரியாக் கண்டுபிடிச்சீங்க, எதுல ஏமாந்தீங்கன்னு வீடியோவுக்குக் கீழ எழுதுங்க. விலையை மட்டும் கடைசி வரியில போடுங்க.